வழியில்லாத வயல்: அஸ்கிபாரா எப்படிக் காலியானது, ஏன் பாதி மட்டும் திரும்பியது?

2024 மே 24 அன்று அஜர்பைஜானின் எல்லைக் காவல் படை, அதுவரை ஆர்மீனியாவின் கையில் இருந்த நான்கு எல்லையோரக் கிராமங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வரவேற்க ஊரில் ஆள் இல்லை, எதிர்க்கவும் ஆள் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் வசிக்காத இடங்கள் அவை. கூரையில்லாத சுவர்கள், வாசலை மூடி நிற்கும் புதர்கள், வீட்டுக்குள்ளிருந்து தலைநீட்டும் மரங்கள், அவ்வளவுதான் மிச்சம்.

அந்த நான்கில் ஒன்றின் பெயர் அஷாகி அஸ்கிபாரா. அஜர்பைஜானி மொழியில் அஷாகி என்றால் கீழ். யுகாரி அஸ்கிபாரா என்று ஒரு மேல் ஊரும் உண்டு. நம் மேலத்தெரு, கீழத்தெரு மாதிரி பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டிலும் அஜர்பைஜானியர் வாழ்ந்தார்கள், ஆர்மீனியாவோடு நடந்த ஒரே போரில் இரண்டும் காலியாயின, இரண்டும் இடிந்து கிடந்தன. ஆனால் 2024இல் கீழ் ஊர் அஜர்பைஜானுக்குத் திரும்பியது, மேல் ஊர் திரும்பவில்லை.

ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இனப்பகை, மதச்சண்டை, வல்லரசுச் சதி என்று பலர் பெரிய பெரிய காரணங்களை எடுப்பார்கள். அவையெல்லாம் கதையில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட கேள்விக்கான விடை ‘எக்ஸ்கிளேவ்’ என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. செய்திகளில் அந்தச் சொல் கண்டபடி புழங்கியது. திரும்பிய நான்கு கிராமங்களையே எக்ஸ்கிளேவ்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட எக்ஸ்கிளேவ் இல்லை. அதனால்தான் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அண்ணன் வயலுக்கு நடுவே தம்பி வயல்

ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது. தம்பிக்கு ஊருக்குக் கிழக்கே நாலு ஏக்கர். அதோடு, மேற்கே அண்ணன் பங்குக்கு நட்டநடுவில் அரை ஏக்கர். அந்த அரை ஏக்கரில் கிணறு இருக்கிறது, அதை வெட்டியது தம்பிதான், அதனால் அவனுக்கே என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்திரத்தில் எழுதியாயிற்று. பாதையைப் பற்றி யாரும் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அண்ணன் வரப்பில் தம்பி நடந்து போகப் போகிறான், அதற்கு ஒரு கையெழுத்தா?

உறவு நன்றாக இருக்கும்வரை அந்த அரை ஏக்கர் தனித்துண்டு என்பதே யாருக்கும் நினைவில் இருக்காது. வாய்ச்சண்டை வந்து அண்ணன் முள்வேலி போட்ட அன்றுதான் அது தெரியும். பத்திரம் தம்பி கையில் பத்திரமாகவே இருக்கும். ஏர் மட்டும் உள்ளே போகாது.

இதை நாடுகளுக்குப் பொருத்தினால் அதுதான் எக்ஸ்கிளேவ். ஒரு நாட்டுக்குச் சொந்தமான நிலம், ஆனால் தாய்நிலத்தோடு ஒட்டாமல் தனியே கிடக்கிறது. போக வேண்டுமானால் அடுத்த நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ‘என்கிளேவ்’ என்ற சொல்லையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே நாட்டால் நாலாபுறமும் சூழப்பட்ட அன்னிய நிலம் என்கிளேவ். பெரும்பாலும் இரண்டு சொல்லும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கும், பார்க்கும் இடம்தான் வேறு. ஒரே பெண் ஒரு வீட்டுக்கு மகள், இன்னொரு வீட்டுக்கு மருமகள் இல்லையா, அந்த மாதிரி. மேல் அஸ்கிபாரா அஜர்பைஜானுக்கு எக்ஸ்கிளேவ், ஆர்மீனியாவுக்கு என்கிளேவ்.

சில சமயம் இரண்டும் பொருந்தாது. அஜர்பைஜானின் நக்கிச்செவான் பகுதி தாய்நிலத்திலிருந்து துண்டாகத்தான் இருக்கிறது, ஆகவே அது எக்ஸ்கிளேவ். ஆனால் அதற்கு ஆர்மீனியா, ஈரான், துருக்கி என்று மூன்று அண்டை நாடுகள். ஒரே நாட்டால் சூழப்படாததால் அது என்கிளேவ் ஆகாது. இந்தக் கட்டுரைக்கு எக்ஸ்கிளேவ் போதும். நீட்டி முழக்காமல் ‘தனித்துண்டு’ என்றே எழுதுகிறேன்.

ஒரே நாட்டுக்குள் தனித்துண்டு இருந்தால் பெரிய தொல்லை இல்லை. புதுச்சேரி வட்டாரத்தில் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், ‘தமிழ்நாடு’, ‘புதுச்சேரி’ என்று பலகைகள் மாறி மாறி வரும். காரைக்காலும் மாகியும் ஏனாமும் புதுச்சேரியின் தனித்துண்டுகளே. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கோடு. பெட்ரோல் விலை மாறும், மதுக்கடைப் பலகை மாறும். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், அஸ்கிபாராவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது.

கோட்டைப் போட்டது யார்?

அஸ்கிபாரா இருக்கும் மலைச்சரிவு அஜர்பைஜானின் வடமேற்கு மூலை. கசாக் என்ற மாவட்டம் (கசகஸ்தான் நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). எல்லைக்கு அந்தப் பக்கம் ஆர்மீனியாவின் தவுஷ் மாகாணம். கொஞ்சம் வடக்கே போனால் ஜார்ஜியா.

ரஷ்யப் பேரரசுக் காலத்தில் இங்கே எல்லையே கிடையாது. இரண்டு பக்கமும் கசாக் என்ற ஒரே வருவாய் மாவட்டம். இன்று ஆர்மீனியாவில் இருக்கும் இஜெவானும் திலிஜானும் அதற்குள்தான் இருந்தன. ஆர்மீனிய ஊரும் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் ஊரும் கலந்தே கிடந்தன. ஊர்ப்பெயர்களே சாட்சி: அஸ்கிபாராவுக்குப் பக்கத்து ஆர்மீனிய ஊர் வோஸ்கெபார். ஒரே பெயர் இரண்டு நாவில் உருண்டது போல ஒலிக்கிறது.

1918இல் பேரரசு உடைந்து ஆர்மீனியா, அஜர்பைஜான் என்ற இரண்டு புதுக் குடியரசுகள் பிறந்தன. பிறந்த உடனே எல்லைக்குச் சண்டை. அதற்கு முடிவு வருவதற்குள் 1920இல் செஞ்சேனை வந்து இரண்டையும் சோவியத் குடியரசுகளாக்கியது. 1922 முதல் 1936 வரை ஆர்மீனியா, அஜர்பைஜான், ஜார்ஜியா மூன்றும் ‘டிரான்ஸ்காக்கேசியக் கூட்டமைப்பு’ என்ற ஒரே அமைப்புக்குள் இருந்தன. பழைய கசாக் மாவட்டத்தின் மலைப்பகுதி ஆர்மீனியாவுக்கும் சமவெளிப் பகுதி அஜர்பைஜானுக்கும் போனது. இடையில் மாட்டிய ஊர்களைப் பிரிக்கும் வேலை நடந்தது.

எப்படிப் பிரிப்பார்கள்? இந்தப் பள்ளத்தாக்கில் இந்த ஊர்க்காரர் மேய்க்கிறார்கள், அந்தக் காடு அந்த ஊர்க்காரருக்கு என்று பார்த்துத்தான். இந்த ஊரில் அஜர்பைஜானியர் இருக்கிறார்கள், அவர்கள் மேய்ச்சல் நிலத்தோடு சேர்த்து ஊரை அஜர்பைஜானில் வை, நாலாபுறமும் ஆர்மீனியாவா? இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாம் ஒரே நாடுதானே. பாகப்பிரிவினையில் பாதையை எழுதாமல் விட்ட அதே கவலையின்மை.

இப்படி உருவான தனித்துண்டுகளில் இங்கே நமக்கு வேண்டியவை சில. மேல் அஸ்கிபாரா ஒன்று. அதற்குத் தெற்கே பர்குதார்லியும் சோஃபுலுவும். இந்த மூன்றும் கசாக் மாவட்டக் கணக்கு. தொலைவில், நக்கிச்செவானுக்கு வடக்கே கர்கி. எதிர்த்திசையிலும் ஒன்று இருந்தது: அஜர்பைஜான் நிலத்துக்குள் ஆர்மீனியாவின் ஆர்ட்ஸ்வாஷென், சுமார் 40 சதுர கிலோமீட்டர், கம்பள நெசவுக்குப் பேர்போன ஊர்.

கீழ் அஸ்கிபாரா இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். அது அஜர்பைஜான் தாய்நிலத்தின் விளிம்பிலேயே, ஒட்டியபடி இருந்த ஊர். இரண்டு அஸ்கிபாராக்களுக்கும் நடுவே ஆர்மீனியா ஒரு குறுகலான பட்டையாக ஓடியது. சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டர்தான் பின்னால் இரண்டு ஊர்களின் தலையெழுத்தையும் வேறாக்கியது.

இதுவரை பார்த்தது: தனித்துண்டு என்பது பாதை எழுதப்படாத சொத்து. சோவியத் காலத்தில் இந்தக் கோடு நிர்வாக வசதிக்கான உள்கோடு. அந்தக் கோட்டில் காவல் சாவடி கிடையாது, கடந்து போக யாரும் அனுமதி கேட்டதில்லை.

ஊர் காலியான விதம்

1988இல் நாகோர்னோ-கராபாக் யாருக்கு என்ற சண்டை வெடித்தது. அது அஜர்பைஜானுக்குள் இருந்த, ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலைப்பகுதி. அஸ்கிபாராவிலிருந்து வெகுதூரம். ஆனால் தீ கராபாக்கோடு நிற்கவில்லை. அஜர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். அஜர்பைஜானிலிருந்து ஆர்மீனியர்களும் ஆர்மீனியாவிலிருந்து அஜர்பைஜானியர்களும் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள்.

கசாக்–தவுஷ் எல்லையில் முதலில் பாதைகள்தான் செத்தன. எல்லா ஊருக்கும் போகும் வழி அடுத்தவன் ஊரைத் தாண்டித்தான். சாலையில் மறிப்பது, கல்லெறிவது, அப்புறம் துப்பாக்கி. 1990 ஜனவரியில் கர்கி ஆர்மீனியர் கைக்குப் போனது. அதே மாதம் நக்கிச்செவான் சோவியத் ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சோவியத்தின் எந்தப் பகுதியும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. 1990 மார்ச்சில் பகனிஸ் அயிரிம் கிராமம் தாக்கப்பட்டு அஜர்பைஜானியப் பொதுமக்கள் இறந்தார்கள். 1991 மே மாதம் பக்கத்து வோஸ்கெபாரில் ஆர்மீனியக் காவலர்கள் சோவியத் படையினரால் கொல்லப்பட்டார்கள். பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் சாவு விழுந்தது. ஒரு கரையை மட்டும் சொல்லும் கதைகளைத்தான் அதிகம் படிக்கிறோம், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

1992 முடிவதற்குள் இந்த எல்லையோர அஜர்பைஜானி ஊர்கள் எல்லாம் வரிசையாக விழுந்தன. தனித்துண்டுகளான மேல் அஸ்கிபாரா, பர்குதார்லி, சோஃபுலு. ஒட்டியிருந்தவற்றில் பகனிஸ் அயிரிம், கீழ் அஸ்கிபாரா, கெயிரிம்லி, கிஸில்ஹாஜிலி. அதே 1992 ஆகஸ்டில் ஆர்ட்ஸ்வாஷெனை அஜர்பைஜான் பிடித்தது. அந்த ஊர் ஆர்மீனியர்கள் சம்பராக் போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தனித்துண்டுகள் விழுவதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. மற்ற ஊர் முற்றுகைக்கு ஆளாகலாம், ஆளாகாமலும் போகலாம். தனித்துண்டு பிறப்பிலேயே முற்றுகைக்குள் இருக்கிறது. வேலி போட ஆள் தேவையில்லை, வரைபடமே வேலி. மாவு, மருந்து, மின்சாரம், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் எதிரியின் சாலை வழியாக வர வேண்டும். பிடிப்பதும் எளிது, காப்பதும் கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆர்மீனியர்கள் அஜர்பைஜானின் துண்டுகளைப் பிடித்தார்கள், அஜர்பைஜான் ஆர்மீனியாவின் துண்டைப் பிடித்தது. இந்தச் சிறு துண்டுகளில் ஒன்றும் சொந்தக்காரன் கையில் மிஞ்சவில்லை.

ஏன் சில ஊர்கள் காலியாகவே கிடந்தன, சில ஊர்களில் மறுபடி ஆள் வந்தது? கர்கியைப் பாருங்கள். தலைநகர் யெரெவானிலிருந்து ஆர்மீனியாவின் தெற்குக்குப் போகும் நெடுஞ்சாலை அதன் வழியாகப் போகிறது. அங்கே ஆர்மீனியர்கள் குடியேறினார்கள், ஊரின் பெயர் திக்ரானாஷென் ஆனது. விரட்டப்பட்ட கர்கிக்காரர்களுக்கு நக்கிச்செவானுக்குள் அதே பெயரில் புது ஊர் அமைத்துக் கொடுத்தார்கள். அஸ்கிபாராக்களின் நிலை வேறு. துப்பாக்கி எட்டும் தூரத்தில் போர்முனை. 1994 மே மாதம் போர்நிறுத்தம் வந்த பிறகும் எல்லையில் அவ்வப்போது சுட்டுக்கொண்டார்கள். கண்ணிவெடி பயம் வேறு. பிடித்தவனும் குடியேற மாட்டான், பறிகொடுத்தவனும் திரும்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தைத்தான் காடு எடுத்துக்கொள்கிறது.

‘அஜர்பைஜானி கிராமம்’ என்றால் எது?

இங்கே ஒரு பெரிய குழப்பத்தை உடைக்காமல் மேலே போக முடியாது. ‘ஆர்மீனியாவில் கைவிடப்பட்ட அஜர்பைஜானி கிராமம்’ என்று சொன்னால் இரண்டு முற்றிலும் வேறான விஷயங்களைக் குறிக்கலாம்.

ஒன்று, நிலம் அஜர்பைஜானுடையது. மேல் அஸ்கிபாரா அந்த வகை. இன்னொன்று, நிலம் ஆர்மீனியாவுடையது, ஆனால் குடியிருந்தவர்கள் அஜர்பைஜானியர். 1988வரை அப்படிப்பட்ட ஊர்கள் ஆர்மீனியா முழுக்க ஏராளம். அந்த மக்கள் விரட்டப்பட்டது துயரம், அவர்கள் திரும்புவது பற்றிய பேச்சும் நடக்கிறது. ஆனால் அந்த நிலம் எந்த நாட்டுக்கு என்பதில் சட்டச் சிக்கல் இல்லை. அஜர்பைஜானில் ஆர்மீனியர் குடியிருந்த ஊர்களுக்கும் இதே விதி.

இரண்டாவது வகையில் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வடக்கு ஆர்மீனியாவில் கிஸில்-ஷஃபாக் என்ற அஜர்பைஜானி கிராமம். அஜர்பைஜானின் ஷமாகி மாவட்டத்தில் கெர்கெஞ்ச் என்ற ஆர்மீனிய கிராமம். இரண்டு ஊருக்கும் 1988க்குப் பிறகு இனி இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. 1989இல் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒருவர் ஊரை ஒருவர் போய்ப் பார்த்து, ஊரையே மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு. அரசாங்கம் செய்த ஏற்பாடு இல்லை, ஊர்க்காரர்களே பேசி முடித்தது. அதில் ஒரு நிபந்தனை: எங்கள் கல்லறைகளை நீங்கள் காப்பாற்றுங்கள், உங்கள் கல்லறைகளை நாங்கள் காப்பாற்றுகிறோம். காப்பாற்றினார்கள். சுற்றிலும் அத்தனை கல்லறைகள் உடைபட்ட காலத்தில் அந்த இரண்டு மயானங்களும் தப்பின. கிஸில்-ஷஃபாக் இன்று ஜுனாஷோக் என்ற ஆர்மீனியப் பெயரில் இருக்கிறது.

அஸ்கிபாராவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. மாற்றிக்கொள்ள எதிரே ஓர் ஊர் இல்லை, பேசுவதற்கு அவகாசமும் இல்லை.

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவுதான்: யார் குடியிருந்தார்கள் என்பது ஒரு கேள்வி, யாருடைய நிலம் என்பது வேறு கேள்வி. எல்லைத் தகராறு இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

உள்கோடு எப்படி நாட்டெல்லை ஆனது?

1991 டிசம்பர் 21 அன்று அல்மா-ஆட்டா நகரில் 11 சோவியத் குடியரசுகள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியம் முடிந்தது, இருக்கும் எல்லைகளை ஒருவருக்கொருவர் மதிக்கிறோம் என்பது அதன் சாரம். ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் அதில் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கோட்பாடு இருக்கிறது: ‘உட்டி பொசிடெட்டிஸ்’. லத்தீன். கூட்டுக்குடும்பம் உடையும்போது பெரியவர் ஒருவர் எழுந்து, “நேற்றுவரை யார் எந்த அறையில் இருந்தீர்களோ அந்த அறை அவரவருக்கு, இனிப் பேச்சில்லை” என்கிறாரே, அதேதான். பேரரசோ பெரிய நாடோ உடைந்து புது நாடுகள் பிறந்தால், அதுவரை இருந்த உள்நிர்வாகக் கோடுகளே நாட்டெல்லைகள் ஆகும். கோடு நியாயமானதா, மக்கள் எப்படிப் பிரிந்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காது. ஸ்பானியர் வெளியேறிய தென்னமெரிக்காவிலும் அப்புறம் ஆப்பிரிக்காவிலும் இதே விதிதான். அது நல்ல விதி என்று யாரும் சொல்வதில்லை. அதைக் கைவிட்டால் ஒவ்வோர் எல்லையையும் மறுபடி போரால் வரைய வேண்டியிருக்கும், அந்த பயத்தில்தான் அது நிற்கிறது.

மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துப் போட்ட கோடு ஒரே நாளில் இரண்டு நாடுகளுக்கு நடுவிலான கோடானது. புதுச்சேரிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகை நின்ற இடத்தில் ஒரு நாள் காலை பாஸ்போர்ட் கேட்டு ராணுவம் நிற்கிறது.

சட்டத்துக்கும் தரைக்கும் இடையே முப்பது ஆண்டுகள் பெரும் இடைவெளி இருந்தது. சட்டப்படி அஸ்கிபாராக்கள் அஜர்பைஜான், தரையில் ஆர்மீனியா. ஆர்ட்ஸ்வாஷென் இதற்கு நேர்மாறு. 2020இல் 44 நாள் போர், 2023 செப்டம்பரில் கராபாக் மீது அஜர்பைஜான் எடுத்த ராணுவ நடவடிக்கை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் அங்கிருந்து வெளியேறியது என்று சமநிலை தலைகீழாக மாறிய பிறகுதான் எல்லைப் பேச்சு வேகம் பிடித்தது. 2022 அக்டோபரில் பிராகில் இரண்டு நாடுகளும் அல்மா-ஆட்டா பிரகடனத்தை அடிப்படையாக ஒப்புக்கொண்டன. 2023 மே மாதப் பேச்சில் எண்களும் வந்தன: அஜர்பைஜான் 86,600 சதுர கிலோமீட்டர், ஆர்மீனியா 29,800. சோவியத் கால அளவுகளே இவை.

கல் நடுவதற்கு முன்

நிலத்தகராறில் சர்வேயர் வந்த அனுபவம் இருந்தால் அடுத்த இரண்டு சொற்களும் எளிது. புலப்படத்தைப் பார்த்துக் கோடு எங்கே போகிறது என்று தாளில் முடிவு செய்வது ஒரு வேலை. அதற்கு ‘டீலிமிட்டேஷன்’, எல்லை வரையறை. பிறகு சங்கிலி பிடித்து அளந்து தரையில் கல் நடுவது இன்னொரு வேலை. அது ‘டீமார்க்கேஷன்’. இரண்டையும் கலந்து ‘எல்லை நிர்ணயம்’ என்று எழுதுவதால்தான் முடிந்தது எது, முடியாதது எது என்று புரியாமல் போகிறது.

2024 ஏப்ரல் 19 அன்று இரண்டு நாட்டின் எல்லை ஆணையங்களும் முதல் ஒப்பந்தத்துக்கு வந்தன. ஆணையங்களுக்குத் தலைமை இரண்டு துணைப் பிரதமர்கள், ஆர்மீனியாவின் மெர் கிரிகோரியான், அஜர்பைஜானின் ஷாஹின் முஸ்தாஃபயெவ். சோவியத் ராணுவ வரைபடங்களை வைத்துக்கொண்டு கோட்டைத் தேடினார்கள். நாலே நாளில், ஏப்ரல் 23 அன்று, முதல் எல்லைக்கல் நடப்பட்டது. மொத்தம் 12.7 கிலோமீட்டர் எல்லை, 6.5 சதுர கிலோமீட்டர் நிலம். அந்த நிலத்தில்தான் நான்கு கிராமங்கள்: பகனிஸ் அயிரிம், கீழ் அஸ்கிபாரா, கெயிரிம்லி, கிஸில்ஹாஜிலி.

நான்கும் தாய்நிலத்தோடு ஒட்டியவை. கோட்டைச் சரியான இடத்துக்குக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், ஊர்கள் தானாக உள்ளே வந்துவிடும். கீழ் அஸ்கிபாரா வந்தது இப்படித்தான்.

மேல் அஸ்கிபாராவுக்குக் கோட்டை எத்தனை நகர்த்தியும் பயனில்லை. ஊரைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஊருக்குப் போகும் வழியையும் கொடுக்க வேண்டும். அந்த வழி ஆர்மீனிய நிலத்தில் இருக்கிறது. ராணுவம் போகலாமா? போலீஸ் போகலாமா? வண்டியைச் சோதிப்பது யார்? இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த நாட்டு ஆம்புலன்ஸ்? இதில் ஒன்றுக்கும் வரைபடத்தில் விடை கிடையாது. ஆகவே மேல் அஸ்கிபாரா, பர்குதார்லி, சோஃபுலு, கர்கி நான்கையும் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தார்கள். செய்திகளில் ‘எட்டுக் கிராமங்கள்’ என்று சொன்னது ஒட்டிய நான்கையும் தனித்த நான்கையும் சேர்த்துத்தான்.

நான்கு காலி ஊர்கள் போனதற்கு ஆர்மீனியாவில் ஏன் அத்தனை கொந்தளிப்பு என்று கேட்கலாம். காலி ஊர்களுக்குப் பக்கத்தில் காலியில்லாத ஊர்கள் இருக்கின்றன. கிராண்ட்ஸ் கிராமத்து ஆர்மீனியர்கள் முப்பது ஆண்டுகளாகப் புழங்கிய நிலத்திலும் சில வீடுகளிலும் கோடு போய் விழுந்தது. இஜெவானிலிருந்து நொயெம்பெரியான் வழியாக ஜார்ஜியா போகும் சாலையின் சில பகுதிகள் அஜர்பைஜான் பக்கம் வந்தன. அதற்கு மாற்றுச் சாலை போட வேண்டியிருந்தது. பிரதமர் நிகோல் பஷின்யான் மார்ச் மாதமே வோஸ்கெபாருக்கு நேரில் போய், இதைச் செய்யாவிட்டால் போர் வரலாம் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார். தவுஷ் பேராயர் பக்ரத் கால்ஸ்தன்யான் தலைமையில் மக்கள் மே மாதம் யெரெவானுக்கு நடைப்பயணமாகப் போனார்கள். சட்டப்படி கோடு சரி, கிராண்ட்ஸ்காரர் இழப்பும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள இணையத்தில் பலருக்கு முடிவதில்லை.

மாற்றிக்கொள்ளலாமே?

இதைக் கேட்பவர்கள் எல்லாம் சொல்லும் தீர்வு இதுதான். அண்ணன் நிலத்துக்குள் தம்பி துண்டு, தம்பி நிலத்துக்குள் அண்ணன் துண்டு. ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு பத்திரத்தை மாற்றி எழுதிவிட்டால் முடிந்தது.

செய்து காட்டிய நாடுகள் உண்டு, இந்தியா அதில் ஒன்று. கூச்பிஹார் எல்லையில் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகளும் இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகளும் கிடந்தன. சிட்மஹால் என்பார்கள். துண்டுக்குள் துண்டு, அதற்குள்ளும் ஒரு துண்டு என்று ஒன்று இருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். இந்தியா 17,160 ஏக்கர் கொடுத்து 7,110 ஏக்கர் வாங்கியது. கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் கொடுத்த நிலத்துக்கு ஏற்கெனவே போக வழி இல்லை, ஆகவே நஷ்டம் காகிதத்தில்தான். இதற்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது 1974இல். நட்பு நாடுகளுக்கே 41 ஆண்டு பிடித்தது.

காக்கேசியக் கணக்கு இன்னும் கடினம். ஆர்மீனியாவிடம் கொடுக்க இருப்பது ஆர்ட்ஸ்வாஷென் ஒன்று, அஜர்பைஜானிடம் நான்கு ஊர். அந்த நான்கில் கர்கியின் விலை பரப்பளவில் இல்லை, நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதை விட்டால் ஆர்மீனியாவின் தெற்குக்குப் போகும் முக்கியச் சாலை அறுந்துபோகும். வோஸ்கெபார் பக்கத் துண்டுகள் ஜார்ஜியா சாலையை ஒட்டியவை. எதிர்ப்பக்கம் பார்த்தால், தன் ஊரை விட்டு ஓடி முப்பது ஆண்டு காத்திருந்த மேல் அஸ்கிபாராக்காரரிடமும் ஆர்ட்ஸ்வாஷென்காரரிடமும், “உங்கள் ஊரை எதிராளியிடமே விட்டுவிட்டோம், கணக்கு நேர்” என்று யார் போய்ச் சொல்வது? கிஸில்-ஷஃபாக்கும் கெர்கெஞ்சும் தாங்களே பேசி மாற்றிக்கொண்டன. மேலே இருப்பவர்கள் பேசி மாற்றினால் அதே மனநிலை கீழே வராது.

என் கணிப்பைக் கேட்டால், கடைசியில் ஏதோ ஒரு வகை மாற்றமோ அப்படியே விட்டுவிடுவதோதான் நடக்கும். சாலையோடு சேர்த்து ஊரைத் திருப்பிக் கொடுக்கும் தீர்வு இந்தப் பள்ளத்தாக்கில் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாலை திறந்திருக்க வேண்டுமானால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும். அவர்கள் அப்படி இருந்திருந்தால் அஸ்கிபாரா காலியாகியே இருக்காது.

இப்போதைக்கு நிலைமை இது. வோஸ்கெபாரில் சாலையோரம் 7ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளிக் கீழ் அஸ்கிபாராவின் இடிந்த சுவர்கள், இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம். இணைய வரைபடத்தைத் திறந்து அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் நகர்த்துங்கள். ஆர்மீனியாவுக்குள் கோணல்மாணலாக ஒரு சிறு வளையம் வரும். அதற்குள்தான் மேல் அஸ்கிபாரா. அதன் விளிம்பில் இன்னும் ஒரு கல்லும் நடப்படவில்லை.